கூட்டல் குறிப் பட்டன்

நல்லா வேலை செய்யற கேம் கன்ட்ரோலரைக் கெட்டுப்போச்சுன்னு சொல்லி மாட்டிக்கிட்டேன் அண்ணா. நீங்கதான் பார்த்துட்டே இருந்தீங்களே. அந்தக் கவுன்ட்டர் அண்ணன் வயரைச் சொருகி, ஒவ்வொரு பட்டனா அமுக்கி, கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல ஒவ்வொண்ணுக்கும் பச்சை விளக்கு எரியறதை எனக்கே காட்டினார். "எல்லாம் ஓடுதே தம்பி. எது வேலை செய்யலைங்கற?"ன்னார். நான் "இடது பக்கம்"னு சொன்னேன். அவர் இடது பக்கத்தை மறுபடியும் அமுக்கினார். மேல, கீழ, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எல்லாம் பச்சை.

"பிரிச்ச பெட்டியை நான் திருப்பி எடுக்க முடியாது. காரணத்தை நேராச் சொல்லு, முதலாளிகிட்ட நான் பேசறேன்"ன்னார். நல்ல மனுஷன்தான். நான் சொல்லலை. அப்ப முதலாளி சாப்பிட்டு வர வரைக்கும் உட்காருன்னு இந்த ஸ்டூலைக் காட்டிட்டார்.

நீங்க டிவி ரிமோட்டுக்கா வந்தீங்க? சரி. உங்க கையையே பார்த்துட்டு இருந்தேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வால்யூம் ஏறலைன்னு அவருக்கு அமுக்கிக் காட்டினீங்கல்ல, கட்டைவிரலால அமுக்கினீங்க. இன்னைக்கு யாரைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் கண்ணுல படுது. பஸ்ல கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கறது கட்டைவிரல்ல. எனக்கு முன்னாடி நின்ன பொண்ணு போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது கட்டைவிரல்ல. ஊரே அதை வச்சுத்தான் ஓடிட்டு இருக்கு. இத்தனை நாள் எனக்குத் தெரியலை.

ஏன்னு கேட்கறீங்க. சொல்றேன். முதலாளி வர வரைக்கும் வேற வேலையும் இல்லை. ஆனா நடுவுல "பரவாயில்லை விடு தம்பி"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு அது பிடிக்காது.

நான் பிளஸ் ஒன்ல நின்னுட்டேன். பெரிய காரணம் ஒண்ணும் இல்லை. வாத்தியார் அடிச்சார், வீட்டுல கஷ்டம், அப்படியெல்லாம் கதை விட மாட்டேன். பிடிக்கலை, போகலை. இப்ப ஒரு ஃப்ளெக்ஸ் கடையில இருக்கேன். பேனருக்கு ஓரம் மடிச்சு வளையம் அடிக்கறது. எங்கம்மா அழுதாங்க, திட்டினாங்க, மாமனைக் கூட்டிட்டு வந்து பேசினாங்க. எங்கப்பா ஒண்ணுமே சொல்லலை. நான் போக மாட்டேன்னு சொன்ன அன்னைக்கு, இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு வெளியே போனார். அதுக்கப்புறம் என்கூடப் பேசறதில்லை. திட்டினாக் கூட ஒரு இது இருக்கும். "அவனைச் சாப்பிடச் சொல்லு", "அவன் வந்துட்டானா"ன்னு எல்லாமே அம்மா வழியா. நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் வீம்பு. நானும் "அவருக்குத் தண்ணி வேணுமாம்"னு அம்மாகிட்டயே சொல்லுவேன்.

அப்பா பேரு மயில்சாமி. கணபதியில ஒரு பட்டறை, மோட்டாருக்குத் தகடு அடிக்கற இடம். இப்ப பேக்கிங்ல இருக்கார். முன்னாடி தகடு வெட்டற பிரஸ் மெஷின்ல இருந்தார்.

ஒருநாள் போன்ல பழைய கேம் வீடியோ ஒண்ணு பார்த்துட்டு இருந்தேன். அந்தக் காலத்துல கடையில பெரிய பெட்டி வச்சு, காயின் போட்டு ஆடுவாங்கல்ல, அந்த மாதிரி சண்டை கேம். அப்பா பின்னாடி நின்னு சட்டை மாத்திட்டு இருந்தவர், அப்படியே நின்னுட்டார். அப்புறம், "அவன் காலைத்தான் தூக்குவான். குனிஞ்சு குத்தோணும்"னார். என்னைப் பார்த்துச் சொன்னார். அம்மாகிட்ட இல்லை. நான் திரும்பிப் பார்க்கலை. பார்த்தா நிறுத்திருவாரோன்னு. "நீங்க ஆடியிருக்கீங்களா?"ன்னு போனைப் பார்த்துட்டே கேட்டேன்.

"ஆடினனாவா. சங்கனூர்ல நம்ம ஆறுச்சாமி மாமனைக் கேட்டுப் பாரு. நான் ஒரு காயினைப் போட்டா வரிசையில நிக்கறவன் வீட்டுக்குப் போயிட்டு வரலாம்."

அவ்வளவுதான் பேசினார். ஆனா எனக்கு அது போதும். அதைப் பிடிச்சுக்கிட்டேன்.

வீட்டுலயே செட் பண்ணிரலாம்னு முடிவு பண்ணினேன். மூடிட்டுப் போன பிரவுசிங் சென்டர்ல இருந்து ஒரு பழைய சிபியு கிடைச்சுது. பழைய கேம் எல்லாம் ஓடற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் ஏத்தி, டிவியில இணைச்சேன். அதெல்லாம் சுலபம். கஷ்டம் எதுன்னா, எதை வச்சு ஆடறதுங்கறது. கீபோர்டுல ஆடலாம், ஆனா அது அசிங்கம். அப்பாவைக் கீபோர்டு முன்னாடி உட்கார வச்சா பேங்க்ல வேலை பார்க்கற மாதிரி இருக்கும். கன்ட்ரோலர் வேணும்.

அண்ணா, கன்ட்ரோலர் எடுக்கறது சும்மா இல்லை. என் ஃபிரண்டு நிஜாம் வீட்டுல வயர் இல்லாதது ரெண்டு வச்சிருந்தான். வாங்கிட்டு வந்து ஆடிப் பார்த்தேன். நாம அமுக்கறதுக்கும் ஸ்கிரீன்ல ஆள் குத்தறதுக்கும் நடுவுல ஒரு சின்ன இழுப்பு. புது கேம்ல அது தெரியாது. பழைய கேம்ல அந்த நேரத்துக்குள்ள செத்துப் போயிருவோம். அதனால வயர் வச்சதுதான். அடுத்தது, இப்ப வர்ற கன்ட்ரோலர்ல காளான் மாதிரி குட்டியா ஒரு குச்சி நட்டு வச்சிருப்பான். அதைச் சுத்தினா ஆள் நடப்பான். அது கார் ஓட்டறதுக்குச் சரி. பழைய கேமுக்கு அந்தக் கூட்டல் குறி மாதிரிப் பட்டன் இருக்கு பாருங்க, இடது பக்கத்துல, அதுதான். அதுலயும் நாலு பட்டனும் தனித்தனியா இருக்கற மாடல் ஆகாது. ஒரே துண்டா இருக்கோணும், நடுவுல லேசாக் குழி இருக்கோணும். இடது கட்டைவிரலை அந்தக் குழியில வச்சா, எடுக்காமலே எல்லாப் பக்கமும் உருட்டலாம். குனிஞ்சு முன்னாடி தள்ளிக் குத்தறதெல்லாம் அந்த உருட்டல்லதான் வரும். இதை நான் நிஜாமுக்கு ஒரு சாயங்காலம் பூரா சொன்னேன். "மச்சான், கட்டைவிரல்தாண்டா எல்லாம்"னு நானே சொன்னேன்.

சிரிக்கறீங்களா? இல்லையா. சரி.

அப்பாகிட்டயும் கேட்டேன். கேட்காம இல்லை. "எந்த மாதிரி கன்ட்ரோலர் வேணும்ப்பா?"ன்னு. அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாப் பேச ஆரம்பிச்சிருந்தார். அவர் அடுப்படி வாசல்ல உட்கார்ந்திருந்தார். "எங்க கடையில குச்சி இருந்துச்சு, உருண்டை வச்சது"ன்னு சொல்லிட்டு, இட்லிப் போசி மூடி மேல ஒரு குமிழ் இருக்கும்ல, அதை இடது கையால அப்படியே பொத்திப் பிடிச்சு, இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். மூடி கடகடன்னு ஆடுது. அம்மா, "ஆவி போகுது, கையை எடுங்க. வயசுக்குத் தகுந்த வேலையா பண்றீங்க"ன்னாங்க. அப்பா எடுக்கலை. "இப்படிப் பிடிச்சா எவனும் தப்பிக்க மாட்டான்"னார்.

நான் என்ன நினைச்சேன்னா, பாவம், பழைய ஆளு, பழைய ஞாபகத்துல கேட்கறார்னு நினைச்சேன்.

இந்தக் கடைக்குத்தான் வந்தேன். இதே அண்ணன்தான் கவுன்ட்டர்ல. "யாருக்கு?"ன்னு கேட்டார். அப்பாவுக்குன்னேன். காயின் போட்டு ஆடின ஆளுன்னேன். அவர் உடனே ஸ்டூல் போட்டு ஏறி, அதோ மேல் தட்டுல இருக்கு பாருங்க, கறுப்புப் பெட்டி, மேல சிவப்பு உருண்டை, அதை எடுத்து வச்சார். ரெண்டும் ஒரே விலைதான், ஒரு குச்சிப் பெட்டிக்கும் ஒரு ஜோடி பேடுக்கும். பேடுன்னா இந்தக் கையில பிடிக்கற கன்ட்ரோலர். "கடையில ஆடினவங்க இதைத்தான் கேப்பாங்க. வேற எதைக் குடுத்தாலும் ஒரு வாரத்துல திருப்பிக் கொண்டு வந்துருவாங்க"ன்னார். நான் சிரிச்சேன் அண்ணா. "தாத்தா காலத்துச் சாமானை வச்சு ஏமாத்தறீங்களா? நான் எல்லா வீடியோவும் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்"ன்னேன். அவர் அதைத் துடைச்சு மேல வச்சுட்டார். இந்த பேடை நான் என் கையில பிடிச்சுப் பார்த்தேன். குழியில கட்டைவிரல் அப்படி உட்கார்ந்துச்சு. என் கட்டைவிரல். ரெண்டு வாங்கினேன், அப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

இன்னைக்குக் கணபதி பக்கம் பராமரிப்புக்குக் கரண்ட் இல்லை. பட்டறை லீவு. எங்க வீட்டுப் பக்கம் கரண்ட் இருந்துச்சு. அப்பா ஆறுச்சாமி மாமாவை வரச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாது. வந்ததும் வாசல்லயே அப்பா சொல்றார், "நவநீ செஞ்சது மாப்ள. ஓட்டைக் கம்ப்யூட்டர் ஒண்ணைக் கொண்டாந்து, என்னமோ பண்ணி, நம்ம கடையையே டிவிக்குள்ள கொண்டாந்துட்டான்." நவநீதன்தான் என் பேரு. நான் பள்ளிக்கூடத்தை விட்டதுக்கப்புறம் அப்பா என் பேரை வெளி ஆள்கிட்டச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்க போய் நிக்கறதுன்னு தெரியலை. வயர் எல்லாம் ஏற்கெனவே சொருகித்தான் இருந்துச்சு, மறுபடியும் உருவிச் சொருகினேன்.

பாய் போட்டு உட்கார்ந்தாங்க. நான் டிவிகிட்ட நின்னுட்டு இருந்தேன். பேடை அப்பா கையில குடுத்தேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குச்சி இல்லையா?"ன்னார். "இது அதைவிட நல்லதுப்பா"ன்னேன். "அப்படியா, சரி"ன்னார்.

முதல்ல சண்டை கேம் வேண்டாம், கை பழகட்டும்னு, ஓடித் தாவற கேம் ஒண்ணைப் போட்டு விட்டேன். ஆள் ஓடறான், முதல் குழி வருது, விழுந்துட்டான். மறுபடி. முதல் குழி, விழுந்துட்டான். அப்பா பேடை இடது தொடை மேல சாய்ச்சு வச்சு, இடது ஆள்காட்டி விரலால மேல இருந்து குத்திட்டு இருந்தார், காலிங் பெல் அமுக்கற மாதிரி.

"என்ன மயிலு, அன்னைக்கு ஒருத்தனையும் பக்கத்துல விட மாட்ட. இன்னைக்குக் குழியைத் தேடித் தேடிக் குதிக்கற"ன்னு மாமா சிரிச்சார்.

"இருப்பா, வண்டி இன்னும் சூடாகலை"ன்னு அப்பாவும் சிரிச்சார்.

எனக்குத்தான் பொறுக்கலை. மாமா முன்னாடி நல்லா ஆடிக் காட்டோணும். நான் செஞ்சது நல்லா இருக்குன்னு தெரியோணும். அவ்வளவுதான் எனக்கு. "அப்பா, ஒரு விரல்ல குத்தக் கூடாது. கட்டைவிரல் வைக்கோணும்"னேன்.

அவர் என்னைப் பார்த்தார். மறுபடியும் அதே விரல். விழுந்துட்டான்.

"கட்டைவிரல்ப்பா. இடது கட்டைவிரல். அதுக்குத்தான் அங்க குழி குடுத்திருக்கான்."

மாமா சிரிப்பை நிறுத்திட்டார். அதுகூட எனக்கு உறைக்கலை அண்ணா. ஸ்கிரீனைப் பார்த்துட்டு இருக்கேன். மறுபடியும் விழுந்தான். நான், "ஐயோ அப்பா, எத்தனை தடவை சொல்றது? உங்க கட்டைவிரலை எடுத்து அதுல வைங்க"ன்னு கத்தினேன். கத்தினேன்னா, கொஞ்சம் சத்தமாவே.

அடுப்படியில அம்மா வெங்காயம் நறுக்கிட்டு இருந்த சத்தம் நின்னுது. மாமா காலண்டரைப் பார்த்தார்.

அப்பா இடது கையை மடியில மல்லாத்தி வச்சு, ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். நானும் அப்பத்தான் பார்த்தேன். "இருந்தா வெச்சிருக்க மாட்டனா சாமி"ன்னார்.

இல்லை அண்ணா. அவருக்கு இடது கட்டைவிரல் இல்லை. பிரஸ்ல போயிருச்சு, நான் ஒண்ணாவது படிக்கும்போது. அடியோட போயிருச்சு. அதுக்கப்புறம்தான் பேக்கிங்.

மறந்துட்டேன்னு சொன்னா நீங்க நம்புவீங்களா? நானே நம்ப மாட்டேன். தினம் பார்க்கற கை. அந்தக் கையால கிளட்ச் பிடிச்சுத்தான் என்னைப் பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விட்டார். எனக்குச் சட்டைப் பட்டன் போட்டு விட்டிருக்கார், ஷூ லேஸ் கட்டி விட்டிருக்கார். எல்லாத்தையும் அவரே செஞ்சுக்குவார், அதனால இல்லைங்கறதே தெரியாது. போட்டோ எடுத்தாப் பாக்கெட்டுல விட்டுக்குவார். அது அவர் ஸ்டைலுன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். சொல்றதுக்கே கேவலமா இருக்கு. நிஜாமுக்கு ஒரு சாயங்காலம் பூரா கட்டைவிரலைப் பத்திப் பாடம் எடுத்தவன், அப்பாவுக்கு வாங்கறோம், அப்பா கையில என்ன இருக்குன்னு ஒரு தடவை யோசிக்கலை. அவர் இட்லிப் போசி மூடியைப் பிடிச்சுக் காட்டினார்ல. நாலு விரலால பொத்தித்தான் பிடிச்சார். கண்ணு முன்னாடி செஞ்சு காட்டினார். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல, தம்பி எனக்கு இது ஆகாதுன்னு? ஏன் சொல்லலைன்னு எனக்குக் கொஞ்சம் கோபமாக்கூட இருக்கு. தப்புதான். ஆனா இருக்கு.

நான் என்ன பண்ணினேன்னா, அவர் கையில இருந்த பேடை வாங்கினேன். வாங்கலை, பிடுங்கினேன். இன்னொண்ணையும் எடுத்துப் பெட்டியில திணிச்சேன். அம்மா வாசலுக்கு வந்து, "எங்கடா கிளம்பற, சோறு ஆயிருச்சு"ன்னாங்க. மாத்திட்டு வரேன்னு சொல்லிட்டு செருப்பைப் போட்டேன்.

இப்ப அந்தக் குச்சிப் பெட்டியைக் குடுத்துட்டாங்கன்னா போதும். கொண்டு போய் வச்சேன்னா எல்லாம் சரியாயிரும். அதுக்குக் கட்டைவிரலே வேண்டாம். சிவப்பு உருண்டையை அப்படியே பொத்திப் பிடிச்சுக்கலாம். மாமா இருக்கும்போதே போயிட்டா அவர் முன்னாடியே ஆடிக் காட்டிருவார். சரியாயிரும்ல? நீங்க பேசவே மாட்டேங்கறீங்க.

ஆமா, என் போன்தான் அடிக்குது. அம்மா. நாலஞ்சு தடவை கூப்பிட்டுட்டாங்க. எடுத்தா என்ன சொல்றது? இது மாமா நம்பர். அவர் ஏன் கூப்பிடறார்? இப்ப அம்மா வாட்ஸ்அப்ல பேசி அனுப்பியிருக்காங்க. காதுல வச்சுக் கேட்டுக்கறேன், சத்தம் வேண்டாம்.

ஒண்ணுமில்லை. அப்பா இன்னும் டிவியை அணைக்க விடலையாம். சாப்பிடலையாம். அதே இடத்துல இருக்காராம். வாடான்னு சொல்றாங்க.

கவுன்ட்டர் அண்ணன்கிட்டக் காரணத்தைச் சொல்லலாம். சொன்னா மாத்திக் குடுத்துருவார், எனக்குத் தெரியும். "எங்கப்பாவுக்குக் கட்டைவிரல் இல்லைங்க"ன்னு ஒரு வரிதான். வாய் வர மாட்டேங்குது. அதனாலதான் பட்டன் கெட்டுப்போச்சுன்னேன்.

ஒண்ணு விட்டுட்டேன் அண்ணா. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். நான் பேடைப் பிடுங்கினேன்னு சொன்னேன்ல, அதுக்கு முன்னாடி அப்பா ஒண்ணு சொன்னார். "இருந்தா வெச்சிருக்க மாட்டனா சாமி"ன்னுட்டு, அவர் பேடைக் கீழ வைக்கலை. வலது பக்கத்தை மட்டும் தன் கையில பிடிச்சு, இடது பக்கத்தை என் பக்கம் நீட்டினார். "இந்தப் பக்கத்தை நீ பிடி. அந்தப் பக்கம் நான் பார்த்துக்கறேன். ஓட்டறது நீ, தாவறது நான். இன்னொண்ணு கிடக்கட்டும், நமக்கு ஒண்ணு போதும்"னார். மாமா நகர்ந்து இடம் விட்டார். அப்பா பாய்ல தன் பக்கத்துல தட்டினார். அந்தக் கையாலதான். "உக்காரு"ன்னார்.

எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? ஒரே பேடை ரெண்டு பேர் பிடிச்சா டைமிங் வராதுன்னு தோணுச்சு. அதுதான் தோணுச்சு. டைமிங் வராதுன்னு.

முதலாளி வந்துட்டார் போல, வண்டி சத்தம் கேட்குது. நீங்க முதல்ல போங்க. உங்க ரிமோட்டைக் காட்டிட்டு வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை.

உக்காருன்னு ஒரு வார்த்தைதான் சொன்னார் அண்ணா. அங்க உட்காராம, பஸ்ல நின்னுட்டே வந்து, இங்க உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்.